விமானத்துக்கு மேனுவல் காப்பி கேட்டது தொடர்பாக

அனுப்புநர்
இமாஸ் ரோஹாயாத்தி,
இறுதியாண்டு மாணவி, வகுப்புப் பிரதிநிதி,
விமானப் பொறியியல் துறை,
கர்சா அங்காசா தொழில்நுட்ப உயர்கல்லூரி,
பண்டுங்.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
தனியார் உயர்கல்லூரிகள் மேற்பார்வைப் பணியகம்,
மேற்கு ஜாவா வட்டாரம்,
பண்டுங்.

பொருள்: எங்கள் கல்லூரியின் ஒரே விமானத்தின் இடது இறக்கையை வரும் வியாழக்கிழமை ரம்பத்தால் வெட்டுவதைத் தடுத்து நிறுத்தவும், அவ்விமானத்தின் பராமரிப்புப் புத்தகத்துக்கு ஒரு நகல் (படிப்பதற்கு) பெற்றுத் தரவும் வேண்டுதல்.

பார்வை: 1. "பயிற்சி விமானத்துக்கு மேனுவல் காப்பி வேண்டுதல்" என்ற எங்கள் விண்ணப்பம். 2. அதன் விளைவுகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்கள் பணியகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை வசதிக் குறைவு பற்றியவையாக இருக்கும். இது அப்படிப்பட்ட மனு அல்ல என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் கல்லூரி விமானத்துக்குள் மெத்தை தைத்த இருக்கைகள் உண்டு. மஞ்சள் விளக்குகள் உண்டு. இணைய வசதி உண்டு. அதன் கடவுச்சொல் விமானி அறையின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. விமானத்தைப் பற்றிப் படிக்கும் வசதி ஒன்றுதான் அங்கே இல்லை.

2. அது விமானப்படை ஓய்வு கொடுத்து அனுப்பிய இரட்டை இன்ஜின் விமானம். நான் முதலாண்டில் சேர்ந்த மழைக்காலத்தில், இறக்கைகளைத் தனியே கழற்றி அடுக்கிய நிலையில், ஒரு நீள லாரியில் வந்து சேர்ந்தது. கூட வந்தவர்கள் இறக்கைகளைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது நாம் செய்வதைப் போலவே, சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்து, அதற்கு 'நெனெங்' என்று பெண் பிள்ளைக்குரிய செல்லப் பெயரை வைத்தோம். அன்று கஞ்சி குடித்த துணை முதல்வர் முனைவர் ஹெர்லான் குசுமா அவர்கள், "நல்லாருக்கே, இதைக் குவளையில ஊத்தி விக்கலாமே" என்றார். அதை நாங்கள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

3. விமானத்தோடு வரவேண்டிய ஒன்று வரவில்லை. அது பராமரிப்பு மேனுவல். எந்த மூடியை எப்படித் திறப்பது, எந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்குவது என்று சொல்லும் தடித்த புத்தகம். அது கையில் இல்லாமல் விமானத்தின் எந்தப் பகுதியிலும் வேலை செய்யக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. எங்கள் செய்முறை விரிவுரையாளர் கோகோம் அம்மையாரை நாங்கள் 'இபு' என்றே அழைப்போம்; அவர் இதில் கடுகளவும் விட்டுக்கொடுக்காதவர். முதல் வகுப்பிலேயே என் தோழன் தெடென் ஆசை தாங்காமல் இன்ஜின் மூடியில் ஸ்பேனரை வைத்துவிட்டான். "தம்பி, எந்தப் பக்கம்?" என்று கேட்டார் இபு. "இடது பக்கம் இபு" என்றான் அவன். "அதைக் கேக்கல. நீ செய்யப்போற வேலை மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டேன்" என்றார். தெடென் குனிந்து மூடியின் மேல் தேடினான். "தெரியலேன்னா கையை எடு. இது என்ன, உங்க மாமா மோட்டார் சைக்கிளா?" என்றார். அன்று எடுத்த கையை நாங்கள் இன்னும் திரும்ப வைக்கவில்லை. துணியால் துடைப்பதற்கு மட்டும் இபு விலக்கு அளித்திருந்தார். ஆகவே விமானத்தைச் சுற்றி நடந்தும், படம் வரைந்தும், துடைத்துமே படித்தோம். விமானம் துடைப்பதில் எங்களை மிஞ்ச மேற்கு ஜாவாவில் ஆளில்லை.

4. இதற்கிடையில் தொழில் மாறிக்கொண்டிருந்தது. இதை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. துணை முதல்வர் அவர்களின் பொறுப்பில் இருப்பது தொழில் தயார்நிலைப் பிரிவு என்பதால், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எங்களைக் கூட்டி உட்காரவைத்து அவரே சொல்வார். முதலாண்டில், ஆளில்லா விமானம்தான் எதிர்காலம் என்றார். ஒன்று வாங்கினார்கள். தொடக்க விழாவில் அவரே இயக்கினார். எதிர்காலம் எதிரேயுள்ள சலவைக் கடையின் கூரையில் போய் உட்கார்ந்தது. ஓடு உடைந்ததற்குப் பதில் சொல்லும்வரை தரமாட்டேன் என்று கடைக்காரர் வைத்திருக்கிறார். இரண்டாம் ஆண்டில் தரவுதான் எதிர்காலம் என்றார். கணினிகள் வந்தன. தரவு வரவேண்டுமானால் இன்ஜின் ஓடவேண்டும் என்பது பிறகே நினைவுக்கு வந்ததால், அவை இப்போது விடுதிக் கட்டண அலுவலகத்தில் உள்ளன. மூன்றாம் ஆண்டில் மென்திறன். எப்படிச் சிரிப்பது, எப்படிக் கைகுலுக்குவது என்று கற்றோம். ஒரு திருகாணியை எவ்வளவு அழுத்தி முறுக்குவது என்று எனக்குத் தெரியாது. ஒரு மேலாளரின் கையை எவ்வளவு அழுத்திக் குலுக்குவது என்று தெரியும்.

5. தொழில் மாறவில்லை என்று நான் வாதிட வரவில்லை, ஐயா. மாறித்தான் வருகிறது. புதிய விமானங்களின் உடல் உலோகத் தகடு அல்ல, அடுக்கடுக்காக ஒட்டிய இழை. எங்கே பழுது என்று விமானமே திரையில் எழுதிக் காட்டுகிறது. ஆனால் அது எழுதியதைப் படித்துவிட்டு மூடியைத் திறப்பதற்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக வேண்டும் என்பதற்காகத்தான் நான் இக்கல்லூரியில் சேர்ந்தேன்.

6. ஆகவே கடந்த பருவத்தில் வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். எழுதியவள் நான். பொருள்: "பயிற்சி விமானத்துக்கு மேனுவல் காப்பி வேண்டுதல்." இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்று இன்றும் சொல்வேன். இயந்திரம் இல்லாமல் கையால் வெந்நீர் ஊற்றி வடிக்கும் காப்பிக்கும் நம் ஊரில் மேனுவல் காப்பி என்றே பெயர் என்பது எனக்குத் தெரியாததல்ல. டாகோ சாலையில் அந்தப் பலகை இல்லாத கடையைத் தேடத்தான் வேண்டும். ஆனால் கேட்பது விமானத்துக்கு என்று எழுதியிருப்பதால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள் என்று நம்பினேன். அதே மாதம் ஒவ்வொரு துறையும் ஒரு வணிகத் திட்டம் தரவேண்டும் என்று கல்லூரி அறக்கட்டளை கேட்டிருந்தது எனக்குத் தெரியாது. துணை முதல்வர் அவர்கள் விண்ணப்பங்களில் பொருள் வரியை மட்டும், அதுவும் கைபேசியில், படிப்பவர் என்பதும் தெரியாது.

7. விண்ணப்பம் மறுநாளே ஏற்கப்பட்டது. கழிப்பறைக் குழாயை மாற்றக் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் எங்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அருமையான சிந்தனை. உடனே செய்க" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். தெடென் எல்லோருக்கும் செப்லாக் வாங்கிக் கொடுத்தான். காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, யார் எந்த மூடியைத் திறப்பது என்று பங்கு பிரித்துக்கொண்டோம். இடது இன்ஜின் எனக்கு என்று முடிவானது. அடுத்த வாரம் வண்டி வந்தது. முதல் பெட்டியில் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் இருந்தது. "மேனுவல் அடியில இருக்கும்" என்றான் தெடென். இரண்டாவது பெட்டியில் மூக்கு நீண்ட கெண்டிகள் இருந்தன. மூன்றாவதில் கட்டுக்கட்டாகத் தாள். தாளைப் பார்த்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. பிரித்துப் பார்த்தோம். அது காப்பி வடிக்கும் தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

8. உடனே நேரில் சென்று, நாங்கள் கேட்டது குடிக்கும் காப்பி அல்ல, படிக்கும் காப்பி என்று விளக்கினோம். துணை முதல்வர் அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் கூறியதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்: "இங்க பாரும்மா இமாஸ். நீ மனசுல என்ன நெனச்சுக் கேட்டேங்கிறது எனக்கெப்படித் தெரியும்? தாள்ல என்ன கேட்டியோ அதைக் குடுத்தாச்சு. மாணவர்களே கொண்டுவந்த திட்டம்னு அறக்கட்டளை கேடயமே அனுப்பிருச்சு. இப்போ போயி இது வேற காப்பின்னு சொன்னா, கேடயத்த யாரு தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுக்கறது? நீயா?" கேடயம் அவர் மேசையிலேயே இருந்தது. அதில் என் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது. 'இமாஸ்' என்பதற்குப் பதில் 'எமாஸ்', அதாவது தங்கம், என்று பொறித்திருந்தார்கள். சுட்டிக்காட்டினேன். "தங்கம்னுதானேம்மா போட்டிருக்கு. கோவிச்சுக்க என்ன இருக்கு?" என்றார்.

9. சிக்கல் சொல்லில்தான் இருக்கிறது என்று கருதி, இரண்டாவது விண்ணப்பத்தில் அந்தச் சொல்லையே தவிர்த்தோம். "விமானத்துக்குத் தேவையான புத்தகம் வேண்டுதல்" என்று எழுதினோம். அதுவும் மறுநாளே ஏற்கப்பட்டது. இப்போது, காப்பிக் கடையாகிவிட்ட விமானத்தின் வால் பகுதியில் ஒரு புத்தக அலமாரி உள்ளது. விடியலில் எழுந்து பணக்காரராவது எப்படி, முதலாளியின் மனத்தைக் கவர்வது எப்படி என்பன போன்ற நூல்கள் அதில் உள்ளன. வாடிக்கையாளர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது விண்ணப்பம் எழுத எங்களுக்குத் துணிவு வரவில்லை.

10. கடைக்கு 'மேனுவல்' என்றே பெயர். இறுதியாண்டு மாணவர்களாகிய நாங்கள் முறை வைத்து அங்கே காப்பி வடிக்கிறோம். அந்த நேரம் முழுவதும் செய்முறைப் பயிற்சியாகக் கணக்கில் கொள்ளப்பட்டு, "விமானத்தில் மேனுவல் பணி: மிகச் சிறப்பு" என்று சான்றிதழில் அச்சிடப்படுகிறது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

11. அந்தச் சான்றிதழோடு தெடென் சென்ற மாதம் ஒரு விமானப் பழுதுபார்ப்பு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனான். சான்றிதழைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், நேரே கொட்டகைக்கு அழைத்துச் சென்று, ஓர் இறக்கையின் அடிமூடியைக் காட்டிக் கழற்றச் சொன்னார்கள். தெடென் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'பாக்' என்று மரியாதையோடு விளித்து, "மேனுவல் குடுங்க பாக். எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வந்தவர்களில் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தானாம். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்களாம். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு பராமரிப்பு மேனுவலை அவன் கையில் வாங்கியது அதுவே முதல் முறை. எங்கே திறப்பது என்று தெரியாமல் பொருளடக்கத்தை வாசித்துக்கொண்டே நின்றிருக்கிறான். "சான்றிதழ்ல மிகச் சிறப்புன்னு போட்டிருக்கு. இதுக்கு முன்னாடி மேனுவல்ல என்னதான் தம்பி செஞ்சிருக்கே?" என்று கேட்டார்கள். தெடெனுக்குப் பொய் வராது. "காப்பி, பாக்" என்றான். சிரித்து முடித்தபின், நிறுவனத்தின் கேன்டீனில் ஆள் தேவைப்படுவதாக அன்போடு தெரிவித்தார்கள். அதன்பிறகு அவன் வகுப்புக்கு வருவதில்லை. "அப்படி என்னதாம்மா அங்க சொல்லிக் குடுக்கறாங்க?" என்று அவன் தாயார் தொலைபேசியில் என்னைக் கேட்டார்.

12. இபு கோகோம் பற்றியும் குறிப்பிடக் கடமைப்பட்டுள்ளேன். அவர் முன்பு விமானத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். ஒருநாள் தொழில் மாறியது. அவரைப் போன்ற பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வேலை கிடைக்கும்வரை தள்ளுவண்டியில் பத்தகோர் பலகாரம் பொரித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். ஆசிரியர் கூட்டத்தில் துணை முதல்வர் அவர்கள், "தொழில் மாறும்போது நாமளும் மாறக் கத்துக்கணும் இபு" என்று அறிவுரை கூறினார். அதற்கு இபு எழுந்து நின்று, "எனக்கு மாறத் தெரியும் பாக். எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னு மாறிக் காட்டியிருக்கேன். அதுக்கு நாலு வருஷப் படிப்பு தேவைப்படல. புள்ளைங்க அதுக்காக இங்க வரல" என்றார். மறுவாரமே அவரைக் கடையின் கல்லாவில் உட்காரவைத்தார்கள். அங்கேயும் அவர் விதியை விடவில்லை. பழையதற்குப் பதிலாக வந்த புதிய அரைவை இயந்திரத்தை, அதற்குரிய மேனுவல் வரும்வரை தொடக்கூடாது என்று உறையோடு மூடிவைத்துவிட்டார். கடை நின்றுபோகும் என்றதும் துணை முதல்வர் அவர்களே பேசி வரவழைத்தார். காப்பிக்கொட்டை இயந்திரத்தின் மேனுவல் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது, ஐயா.

13. இனி இம்மனுவின் உடனடிக் காரணத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர்களின் மோட்டார் சைக்கிள்களை நிறுத்த நெனெங்கின் இடது இறக்கை இடைஞ்சலாக இருக்கிறது. அதை உடலோடு ஒட்ட வெட்டி, கீழே கிடத்தி, நீள மேசையாக்குவது என்று முடிவாகியிருக்கிறது. வந்தபோது கழற்றித்தானே வந்தது, அப்படியே கழற்றினால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். கழற்றுவதற்கு மேனுவல் வேண்டுமாம், வெட்டுவதற்கு வேண்டாமாம். வெளியாட்களை வைத்து வெட்டுவதற்குப் பதில், வரும் வியாழக்கிழமை காலை நாங்களே வெட்ட வேண்டும் என்றும், அதுவே எங்கள் இறுதிச் செய்முறைத் தேர்வு என்றும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. தேர்வின் தலைப்பு, "விமானக் கட்டமைப்பு: ஒரு நடைமுறை அணுகுமுறை." வெட்ட மறுப்பவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாதவர்களுக்குப் பட்டம் கிடையாது. இறக்கை போன விமானத்தைப் பயிற்சி விமானம் என்று எந்த ஆய்வுக் குழுவும் ஏற்காது என்பதால், எங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குத் துடைப்பதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாது.

14. இடது இன்ஜின் இடது இறக்கையில்தான் இருக்கிறது. முதலாண்டிலிருந்து அதன் மூடியைத் துடைத்து வருகிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் இதுவரை பார்த்ததில்லை. என் அம்மா சந்தையில் காய்கறி விற்பவர். மகள் விமானம் சரிசெய்யப் படிக்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஒருநாள் என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். "நல்லாத்தான் போடுறே" என்றவர், கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "நீ சரி பண்ற இன்ஜின் எதும்மா?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அந்தக் கையில்தான் வியாழக்கிழமை ரம்பத்தைக் கொடுக்கப்போகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஐயா. கோபமும் இருக்கிறது, மனுவில் கோபம் எழுதுவது முறையல்ல என்பதால் வருத்தம் என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

15. தேவையான மேனுவல் இல்லாமல் போகவில்லை. விமானப்படைக் கிடங்கின் புத்தகப் பிரிவில் பத்திரமாக இருக்கிறது. இபு கோகோம் தொலைபேசியில் விசாரித்தபோது, "எடுத்துத் தர்றதுல ஒண்ணுமில்ல இபு, உங்க காலேஜ்லேருந்து துணை முதல்வர் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்" என்றார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டால், முதலில் கேட்டது காப்பியல்ல என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று துணை முதல்வர் அவர்கள் தயங்குகிறார். கேடயத்தை அவர் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

16. சுற்றறிக்கைக்கு நான் எழுத்து மூலம் பதில் கொடுத்துவிட்டேன். இறக்கையை வெட்டமாட்டேன் என்று அதில் நான் எழுதவில்லை. எங்களுக்குக் கற்பித்தபடி, எந்த வேலையையும் மேனுவலில் உள்ள பக்கத்தைப் பார்த்தே செய்வோம் என்றும், இறக்கையை ரம்பத்தால் வெட்டும் பக்கத்தைக் காட்டினால் முதல் ஆளாக நானே வெட்டுவேன் என்றும், பக்கத்தைக் காட்ட மேனுவல் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். "குறும்பு பண்றியாம்மா? பட்டம் வேணுமா வேணாமா?" என்று துணை முதல்வர் அவர்கள் கேட்டார். வேண்டும் என்றே பதில் கூறினேன். வகுப்பு முழுவதும் அந்தப் பதிலில் கையெழுத்திட்டிருக்கிறது. தெடெனும் வீட்டிலிருந்து வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போனான்.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) வியாழக்கிழமை வெட்டுவதை நிறுத்திவைத்து ஆணையிடவும்,

ஆ) அந்த ஒரு கையெழுத்தைத் துணை முதல்வர் அவர்களிடமிருந்து பெற்றுத் தரவும், அவருக்குத் தயக்கம் இருப்பின் தாங்களே இடவும்,

இ) கேடயம் அவரிடமே இருக்கட்டும் என்று அவருக்கு உறுதியளிக்கவும்

வேண்டுகிறேன். கடையை மூடுமாறு நாங்கள் கேட்கவில்லை. காப்பி நன்றாகவே இருக்கிறது. அதை வடித்தவர்கள் நாங்கள்தான். விமானத்துக்கு வெளியே எங்கே வைத்தாலும் ஓடும்.

வியாழக்கிழமை காலை நாங்கள் அனைவரும் நெனெங்கின் இடது இறக்கையடியில் இருப்போம். முதலில் வந்து சேர்வது ரம்பமோ தங்கள் ஆணையோ, நாங்கள் அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: எந்தப் பக்கம்?

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

இடம்: பண்டுங்
நாள்: 9 அக்டோபர் 2023

இப்படிக்கு,
(ஒப்பம்)
இமாஸ் ரோஹாயாத்தி
(தங்கம் அல்ல)

நகல்: துணை முதல்வர் (தொழில் தயார்நிலை) அவர்களுக்கு. அன்னாரின் வசதிக்காக, சொல்ல வேண்டியது முழுவதும் பொருள் வரியிலேயே தரப்பட்டுள்ளது.